வருசக்கணக்கா விட்ட ஓட்டம்: ஜனவரியிலேயே தொடங்கலாமோ, ஏப்ரல் வரைக்கும் பொறுக்கிறதோ?

வல்லைவெளி (ஸ்காபரோ)
ஞாயிறு, பின்னேரம் 6:10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காலத்தில அரை மரதன் வரைக்கும் ஓடின ஆள் நான். அம்மா படுக்கையில விழுந்தவுடன ஓட்டம் நிண்டுது. அம்மா போனாப்பிறகும் வேலை, பிள்ளையளின்ர படிப்பு எண்டு திரும்ப வெளிக்கிடேல்லை. இப்ப 46 வயசு. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறன். சீனி எல்லைக்கோட்டில நிக்குதாம். குடும்ப டொக்டர், "முந்தி ஓடினனீர்தானே, திரும்பத் தொடங்கும்" எண்டு சொல்லி விட்டவ.

புது வருசத்தோட வெளிக்கிட்டிட்டன். அண்டைக்கு -7, காத்து வேற. ரெண்டு பஸ் தரிப்புத் தூரம் ஓடுறதுக்குள்ள தொண்டையில இருந்து நெஞ்சு வரைக்கும் எரிவு. வீட்ட வந்து சுடுதண்ணி குடிச்சும் வறட்டு இருமல் கனநேரம் விடேல்லை. அடுத்த நாள் விடிய எழும்பினா முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்பின்ர உள்பக்க ஓரமா நோ.

"உந்தக் குளிருக்க ஓடி நுரையீரலைப் பழுதாக்க வேண்டாம், ஏப்ரல் வரட்டும்" எண்டு இவர் நிக்கிறார். குளிர்காத்து உண்மையா நுரையீரலைப் பழுதாக்குமோ? பொறுக்கிறதோ, இப்பவே மெல்லமாத் தொடங்கிறதோ? எனக்குப் பின்னேரம்தான் நேரம் கிடைக்கும். அதுக்குள்ள இருட்டிப்போடும், அதுவும் ஒரு யோசினை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.


மொன்றியல்வாசி
ஞாயிறு, இரவு 7:02

அக்கா, உங்கட அவர் சொல்றதில நியாயம் இருக்கு. குளிரைவிட எனக்குப் பயம் ஐஸ்தான். இஞ்ச மொன்றியலில விடிய மழை தூறும், மத்தியானம் பூச்சியத்துக்குக் கீழ இறங்கும், பின்னேரம் நடைபாதை முழுக்க ஐஸ் படிஞ்சிருக்கும். அதுக்கு மேல மெல்லிசா ஸ்னோ விழுந்திட்டா ஐஸ் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது. 1998 ஜனவரி ஐஸ் புயலை இஞ்ச இருந்து அனுபவிச்ச ஆக்களுக்கு உறைமழை, அதாவது விழுந்தவுடன ஐஸாகிற மழை, எண்டா என்னெண்டு தெரியும்.

மணிக்கட்டோ இடுப்போ முறிஞ்சா ஓட்டம் மட்டும் இல்லை, வேலையும் நிக்கும். ஏப்ரல் வரை ஜிம்மில ட்ரெட்மில்லில ஓடுங்கோ. உடம்பும் பழகும், ஆபத்தும் இல்லை.


வன்னியூரான் (ஏஜக்ஸ்)
ஞாயிறு, இரவு 8:35

தங்கச்சி, பொறுக்க வேண்டாம். ஏப்ரலில வெயிலைக் கண்ட சந்தோசத்தில எல்லாரும் ஒரேயடியா வெளிக்கிட்டு ஓடுவினம். ஜூன் மாசம் பாத்தா அதில கனபேர் காலில கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில இருப்பினம். வருசாவருசம் இதைப் பாக்கிறன். குளிர்காலம் ஒருத்தரையும் வேகமா ஓட விடாது. காலுக்குக் கீழ பனி, உடம்பில மூண்டு உடுப்பு, அடியைச் சின்னனா வைச்சுத்தான் போக வேணும். கனகாலம் விட்டுட்டுத் திரும்பி வாற ஆளுக்குத் தேவையும் அதுதான்.

உடுப்பு விசயத்தைச் சரியாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, பாதிப் பிரச்சினை தீரும். வெளிய -5 எண்டா +5இல நடக்கப் போற ஆள் மாதிரி உடுங்கோ. வாசல்ல நிக்கேக்கை லேசாக் குளிர வேணும். நிக்கேக்கையே கதகதப்பா இருந்தா பத்து நிமிசத்தில வேர்த்து ஊத்தும், பிறகு அந்த ஈரம்தான் உங்களை விறைக்க வைக்கும். பருத்தி உடுப்பு ஒண்டும் உடம்போட படக்கூடாது, உள்பெனியனும் சேத்துத்தான். பருத்தி வேர்வையைக் குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கொண்டு நிக்கும். உள்ளுக்கு மெல்லிய பொலியெஸ்டர் இல்லாட்டி மெரினோ கம்பளி, நடுவில ஒரு தடிச்ச மேற்சட்டை, வெளிய காத்து நுழையாத மெல்லிய ஜக்கெட். -5க்கு மேல எண்டா நடுவில உள்ளதை விடலாம். விரல் விரலாப் பிரிஞ்ச கையுறையைவிட நாலு விரலும் ஒண்டா இருக்கிற மிற்றன் சூடு.

இன்னொண்டு. எந்தப் பக்கத்தில இருந்து காத்து அடிக்குதெண்டு பாத்துப்போட்டு, முதல்ல காத்தை எதிர்த்து ஓடுங்கோ. திரும்பி வரேக்கை காத்து முதுகில இருக்க வேணும். மாறி ஓடினா, நல்லா வேர்த்த பிறகு எதிர்க்காத்துப் படும். அதுதான் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்க வைக்கிறது.


இரவுப்பணி (பிராம்ப்டன்)
திங்கள், காலை 8:50

இரவு ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் தஞ்சாவூர். நுரையீரல் கேள்விக்கும், அக்கா சொன்ன பிரஷர் மாத்திரைக்கும் பதில் எழுதாமல் தூங்கப் போக மனசு வரவில்லை.

நுரையீரல் உறைந்து போகாது. மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் சேர்ந்து காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கித்தான் உள்ளே அனுப்பும். உங்களுக்கு வந்த எரிச்சலுக்குக் குளிரைவிட வறட்சிதான் காரணம். -7இல் உள்ள காற்றில் ஈரப்பசை மிகக் குறைவு. வேகமாக வாயால் மூச்சு வாங்கும்போது மூச்சுக்குழாயின் உள்பூச்சு காய்கிறது, சிலருக்குக் குழாய் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதனால்தான் அந்த வறட்டு இருமல். மூக்கையும் வாயையும் மூடும் ஒரு மெல்லிய கழுத்துத் துணி, அதாவது பஃப், போட்டுக்கொண்டால் நீங்கள் வெளியே விடும் மூச்சின் ஈரமே திரும்ப உள்ளே போகும். பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, ஒவ்வொரு முறையும் இருமல் நீண்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா வெளியே தெரியாமலே இருந்திருக்கலாம். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், ஓடுவதற்கு எவ்வளவு முன்னால் எடுப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயம்தான் எனக்கு முக்கியம். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். ஸ்னோ அள்ளும்போது நெஞ்சுவலி வந்து எங்களிடம் வருகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது, சர்க்கரை எல்லையில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டாக்டர் ஓடச் சொன்னது நல்லது. "இந்தக் குளிரில், வெளியில்" என்று சேர்த்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையா என்றும் கேளுங்கள். அந்த வகை இதயத் துடிப்பை ஏற விடாது. கைக்கடிகாரம் 110 காட்டுகிறது, சும்மா போகிறோம் என்று நினைப்பீர்கள், உடம்பு அதற்குள் நிறையவே உழைத்திருக்கும். அப்படியென்றால் கடிகாரத்தை விட்டுவிட்டுப் பேச்சை வைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்வியர்வை, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஏதாவது வந்தால் அந்த இடத்திலேயே நின்று 911 அழையுங்கள். "வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும்" என்று நம் ஆட்கள் இழுத்தடிப்பதுதான் ஆபத்து.


வல்லைவெளி
திங்கள், மத்தியானம் 12:15

இரவுப்பணி தங்கச்சி, நித்திரை கொள்ளாமல் இருந்து இவ்வளவு எழுதினதுக்குக் கனக்க நன்றி. குளிசைப் பேரைப் பாத்தன், நீங்கள் சொன்ன அந்த வகைதான். நாளைக்கு டொக்டருக்கு அடிச்சுக் கேக்கிறன். வன்னியூரான் அண்ணை, நான் பருத்தி ரீசேட்டுக்கு மேல தடிச்ச சுவெற்றர் போட்டுக்கொண்டுதான் ஓடினனான். ஏன் அவ்வளவு விறைச்சதெண்டு இப்ப விளங்குது.

முன்னெலும்பு நோவுக்கு ஆராவது சொல்லுங்கோ.


நெய்வேலிக்காரன் (கால்கரி)
திங்கள், மதியம் 1:40

வன்னியூரான் அண்ணன் சொன்னதோட நான் முழுசா ஒத்துப்போறேன். கால்கரியில -20 எல்லாம் சாதாரணம், ஆனா வானிலை ஆப்ல வர்ற வெப்பநிலையை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. காற்றுக் குளிர்வுன்னு பக்கத்துல ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்க. -10 வெப்பநிலையில மணிக்கு 30 கிமீ காத்து அடிச்சா முகத்துக்கு அது -20 மாதிரி. கனடா வானிலைத் துறை கணக்குப்படி இந்த எண் -28க்குக் கீழே போச்சுன்னா மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள்ள உறைய ஆரம்பிக்கலாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க -15, -18லயே உள்ளே போயிடுறது நல்லது. கன்னத்துலயோ மூக்கு நுனியிலயோ தோல் வெளுத்து மரத்துப்போனா தேய்க்காதீங்க, உள்ளே வந்து கைச்சூட்டுல வைங்க.

இங்க சினூக்னு ஒரு வெப்பக்காத்து ராக்கி மலையிலிருந்து இறங்கும். சில மணி நேரத்துல 20 பாகை ஏறிடும். எல்லாரும் ஷார்ட்ஸோட கிளம்பிடுவாங்க. உருகின தண்ணி ராத்திரி திரும்ப உறையும். எனக்குத் தெரிஞ்சு -20 நாளைவிட அதுக்கு மறுநாள் காலைதான் நிறைய பேர் விழுவாங்க. மொன்றியல்வாசி சொல்ற ஐஸ் பயம் இந்த இடத்துல நூறு சதவீதம் சரி.

இன்னும் ஒண்ணு. ஷூவைக் கராஜ்லயோ கார்லயோ விடாதீங்க. அடியில இருக்கிற நுரை குளிர்ல கெட்டியாயிடும், ஒவ்வொரு அடியும் கட்டாந்தரையில விழற மாதிரி எலும்புல தெரியும். வீட்டுக்குள்ள வெச்சு, கிளம்பும்போது எடுத்துப் போடுங்க. போனும் உள்பாக்கெட்ல, உடம்புச் சூட்டுல இருக்கணும். வெளிப்பாக்கெட்ல வெச்சா பேட்டரி பாதி இருக்கும்போதே அணைஞ்சிடும். விழுந்து கிடக்கும்போது அது நடந்தா என்ன பண்றது?


கெண்டைக்கால் (மிசிசாகா)
திங்கள், இரவு 9:20

நான் இயன்மருத்துவர், பிசியோ. வல்லைவெளி, உங்கள் நோவைப் பற்றி நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட வருகிறவர்களில் என்னிடம் வருவோர் பெரும்பாலும் இதே கதையோடுதான் வருகிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. முன்னெலும்பின் உள் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு போங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நொந்தால், சூடேறியதும் குறைந்தால், அது எலும்பை ஒட்டிய திசுக்களின் எரிச்சல். பளுவைக் குறைத்தால் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்ததும் துள்ள வைக்கும் வலி இருந்தால், அல்லது ஓடாமல் படுத்திருக்கும்போதும் இரவிலும் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் அழுத்த முறிவு தொடங்கியிருக்கலாம். அதோடு ஓடக் கூடாது.

ஏன் இது வருகிறது? மூச்சு சீக்கிரம் போகும், சீக்கிரம் திரும்பும். 1984இல் எட்வர்ட் காயலும் அவருடைய சகாக்களும் நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை 84 நாட்கள் பயிற்சியை விடச் சொல்லி அளந்து பார்த்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் 3 வாரத்திலேயே 7 சதவீதம் இறங்கியது, 8 வாரத்துக்குப் பிறகு 16 சதவீத இழப்பில் நின்றுவிட்டது. முதலில் போவதில் பெரும்பங்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி. பயிற்சியைத் தொடங்கினால் அது சில வாரத்திலேயே திரும்ப ஏறும். அதனால் ஒரு மாதத்தில் உங்களுக்கு மூச்சு நன்றாக வந்துவிடும், "பழைய ஆள் ஆகிவிட்டேன்" என்று தோன்றும்.

எலும்பும் தசைநாணும் அந்தக் கணக்கில் வராது. புதிய பளு விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைப்பது சில வாரத்தில் நடந்துவிடும். கட்டி, கனிமம் ஏறி உறுதியாவதற்கு மாதக்கணக்காகும். ஆகவே மூச்சு தெளிந்து, "இன்று கொஞ்சம் கூட ஓடலாமே" என்று மனம் சொல்லும் அதே வாரங்களில்தான் எலும்பு மிகப் பலவீனமாக இருக்கிறது. முன்பு ஓடியவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். புதிதாக வருகிறவருக்கு வேகமாக ஓடத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். 46 வயதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்ற இறக்கமும் தொடங்கியிருக்கும், அது எலும்பையும் தசைநாணையும் தொடும். குளிர்காலத்தில் இங்குள்ள வெயிலில் நம் தோலுக்கு விட்டமின் டி கிடைப்பதில்லை, உங்கள் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: நோ அடங்கும்வரை நடை மட்டும். பிறகு 5 நிமிடம் வேகநடை, 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. ஓட்டமும் நடையும் மாறி மாறி மொத்தம் 20 நிமிடம், கடைசியில் 5 நிமிடம் நடை. வாரத்துக்கு 3 நாள், அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். இது நான் கண்டுபிடித்தது அல்ல. 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் எழுதி, பின்னர் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். நாடு முழுக்கப் பரப்பிய "கவுச் டு 5கே" திட்டத்தின் முதல் வாரம் இதுதான். அது 9 வாரத் திட்டம். உங்களைப் போன்றவர்களிடம் நான் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்யச் சொல்வேன்.

கெண்டைக்காலையும் சேர்த்துக் கவனியுங்கள். படிக்கட்டில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதியை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். முழங்கால் நேராக ஒரு தொகுதி, சற்றே மடக்கி ஒரு தொகுதி. ஓடும்போது குதிநாண் தாங்கும் விசை உடல் எடையைப் போல 6 மடங்கைத் தாண்டும். ஒரு காலில் தொடர்ந்து 20 முறை எழும்ப முடியாதவர் ஓட்டத்தின் பளுவை எலும்பின் மேல் போடுகிறார்.


மொன்றியல்வாசி
செவ்வாய், காலமை 7:30

கெண்டைக்கால் எழுதினதைப் படிச்சன், நல்ல விளக்கம். ஆனா அதில ஒரு வரியும் வெளியிலதான் ஓட வேணும் எண்டு சொல்லேல்லையே! 1 நிமிசம் ஓடி ஒன்றரை நிமிசம் நடக்கிறதை ட்ரெட்மில்லில செய்தா வழுக்கலும் இல்லை, இருட்டும் இல்லை. ஒரு சதவீதம் சாய்வு வைச்சா வெளியில ஓடினதுக்குச் சமன் எண்டும் சொல்லுவினம்.


கெண்டைக்கால்
செவ்வாய், மதியம் 12:40

உறைமழை நாளில், காற்றுக் குளிர்வு மிகக் கீழே போன நாளில் ட்ரெட்மில்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு சதவீதச் சாய்வு காற்றுத் தடையை ஈடுகட்ட வேகமாக ஓடுகிறவர்களுக்குச் சொன்னது. இந்த மெதுவான வேகத்துக்கு அது தேவையில்லை, முன்னெலும்பு நோகும்போது சாய்வு வேண்டவே வேண்டாம்.

ஆனால் குளிர்காலம் முழுவதும் உள்ளேயே ஓடிவிட்டு ஏப்ரலில் நேராக நடைபாதைக்கு வந்தால், கால் மேடு பள்ளத்தைப் பழக மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும். ட்ரெட்மில்லில் பாதம் ஒரே மாதிரி விழுகிறது. வெளியே ஒவ்வொரு அடியும் கொஞ்சம் மாறும், கணுக்காலின் சின்னத் தசைகள் அப்படித்தான் வலுப்பெறும். வாரத்தில் ஒரு நாளாவது, தரை சுத்தமாக இருக்கும் நாளாகப் பார்த்து, வெளியே போகச் சொல்வேன்.


ஒஸ்லோ_பொடியன்
செவ்வாய், பின்னேரம் 4:05

நோர்வேயில இருந்து எழுதுறன். இஞ்ச டிசம்பர் கடைசியில வெளிச்சம் 6 மணித்தியாலம்தான். அந்தக் கணக்குக்கு ஏப்ரல் வரைக்கும் பொறுத்தா அரைவாசி வருசம் போயிடும். அதால ஆக்கள் ஆயுதத்தோட இறங்குவினம்.

ஐஸுக்குச் சப்பாத்துத்தான் மருந்து. அடியில குட்டி ஆணி பதிச்ச ஓட்டச் சப்பாத்து கடையில விக்குது. அது விலை எண்டா, பழைய சப்பாத்துக்கு மேல இழுத்து மாட்டுற ரப்பர்ப் பட்டி, கீழ கம்பிச்சுருளோ முள்ளோ இருக்கும், இஞ்ச "புரொடர்" எண்டு சொல்லுவம். எங்கட அம்மம்மாவும் மாட்டிக்கொண்டு கடைக்குப் போறவ. சுத்தமான தார் றோட்டில மட்டும் அதைப் போட்டு ஓடாதேங்கோ, அதிலயும் வழுக்கும்.

குளிர் அளவைப் பற்றி: பனிச்சறுக்குப் போட்டி நடத்துற சர்வதேசச் சம்மேளனமே -20க்குக் கீழ போனா நீண்டதூரப் போட்டியை நிப்பாட்டும். உலகத்தில குளிருக்கு ஆகப் பழகின வீரருக்கே அந்த எல்லை எண்டா, எங்களுக்கு அதைவிடக் கனக்க மேலதான் இருக்க வேணும். ஆறேழு வயசில இருந்து குளிருக்க மூச்சு வாங்கி ஓடின சறுக்கு வீரரில ஆஸ்துமா கூட. அதால அக்கா, முகத்துணி இல்லாமல் வெளிய போகவே வேண்டாம். மெல்லமா ஓடினா மூச்சு வாங்கிறதும் குறையும், காத்து மூக்கால போகும்.

இருட்டுக்கு, ஜக்கெட்டில தொங்கவிடுற வெளிச்சம் தெறிக்கிற வில்லை. இஞ்ச நேர்சரிப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் எல்லார்ற்றையும் அது தொங்கும். நெஞ்சில மட்டும் போடாமல் முழங்காலுக்குக் கீழயும் கட்டுங்கோ. காரின்ர லைட் தாழ்வா அடிக்கேக்கை முதல்ல அதுதான் படும், அதோட கால் அசையிறதால ஓட்டுறவருக்கு ஆள் எண்டு உடன விளங்கும்.


வல்லைவெளி
செவ்வாய், இரவு 8:50

டொக்டரோட கதைச்சன். ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்திட்டு, நடந்து ஓடுறதுக்கு ஓம் எண்டவ. -15க்குக் கீழ வெளிய வேண்டாமாம். விரலால அழுத்திப் பாத்தன், ஒரு இடம் எண்டில்லாமல் நீளமாத்தான் நோகுது, இரவில நோ இல்லை. அப்ப நடையில இருந்து தொடங்கிறன்.

இனி இருட்டுத்தான். பொம்பிளைப்பிள்ளை தனிய, பின்னேரம் அஞ்சரைக்கு, பூங்காப் பாதையில. இவருக்கு விருப்பமில்லை, எனக்கும் உள்ளுக்குப் பயம்தான். மாமி வேற, "இந்த வயசில ஓடிறதோ பிள்ளை" எண்டு.


செம்பருத்தி77 (மார்க்கம்)
செவ்வாய், இரவு 10:15

அக்கா, இருட்டில பூங்கா, ஆத்தங்கரைப் பாதை எல்லாம் வேண்டாம். பயம் நியாயமானது, அதை அடக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. நான் செய்யிறதைச் சொல்லுறன். எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தைச் சுத்தித் தெருவிளக்கு இருக்கு, நடைபாதைக்கு உப்பும் போட்டிருப்பினம். அந்த ஒரே சுத்தைத் திரும்பத் திரும்ப ஓடுறன். தூரம் ஓடிப் போயிட்டு ஏலாமல் நிக்கிறதை விட, எந்த நேரமும் வீட்டுக்கு அஞ்சு நிமிச நடையில இருக்கிறது எவ்வளவோ நல்லம். குளிரும் அப்படித்தான், சப்பாத்து நனைஞ்சாலோ விறைச்சாலோ உடன உள்ள வரலாம்.

காதில ஒண்டும் மாட்டுறதில்லை. நடைபாதை இல்லாத தெருவில இடதுபக்கமா, வாற வாகனத்தைப் பாத்தபடி. போனில இருக்கிற இடம் மகளுக்குத் தெரியும்படி போட்டு வைச்சிருக்கிறன். கிழமை நாளில இப்பிடிச் சின்னச் சுத்து, சனி ஞாயிறு பகல்ல பெரிய இடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில வேலையில இருந்து இறங்கி 20 நிமிசம் ஓடுற ஆக்களும் இருக்கினம், வெளிச்சமும் கிடைக்கும்.

மாமிக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. ரெண்டு மாசத்தில உங்கட சீனி றிப்போட்டைக் காட்டுங்கோ.


வன்னியூரான்
புதன், காலமை 6:45

செம்பருத்திப் பிள்ளை சொன்னது அவ்வளவும் சரி.

நடையைப் பற்றி ஒரு கதை சொல்ல வேணும். ஹமில்ரனில "அரௌண்ட் த பே" எண்டு 30 கிமீ ஓட்டம், மார்ச் கடைசியில நடக்கும். 1894இல தொடங்கினது, பொஸ்டன் மரதனுக்கும் மூண்டு வருசம் மூத்தது. மார்ச்சில ஓடுறதெண்டா குளிர்காலம் முழுக்க ஓடினாத்தான் சரிவரும், அதால ஒன்ராறியோவில கனபேருக்குக் குளிர்கால ஓட்டத்தின்ர இலக்கே அதுதான். 1906இல அதை வெண்டவர் டொம் லோங்போட், சிக்ஸ் நேஷன்ஸ் எண்ட பழங்குடி மண்ணில பிறந்த ஒனொண்டாகா இன ஆள். அடுத்த வருசம் பொஸ்டனையும் வெண்டார். அவர் ஒவ்வொரு நாளும் வேகமா ஓடேல்லை. ஒரு நாள் கடும் ஓட்டம், பிறகு லேசான நாள், நெடுந்தூர நடை எண்டு மாறி மாறிச் செய்தார். அந்தக் காலப் பத்திரிகையும் பயிற்சியாளரும் அவரைச் சோம்பேறி எண்டு எழுதிச்சினம், பழங்குடி ஆள் எண்டதால இன்னும் கூடத் தூக்கிப் பிடிச்சு எழுதிச்சினம். இண்டைக்கு உலகம் முழுக்க ஓட்டக்காரர் செய்யிற முறை அவற்ற முறைதான். பொஸ்டனை வெண்ட மனுசன் நடந்தவர். நடக்கிறதுக்கு நாங்கள் ஒருத்தரும் வெக்கப்படத் தேவையில்லை.


நெய்வேலிக்காரன்
புதன், காலை 9:10

லாங்போட் பத்தி இவ்வளவு விவரமா தெரியாது அண்ணன், ரொம்ப நன்றி. அவரைச் சோம்பேறின்னு எழுதினதை நினைச்சா கோபமா வருது.

அக்கா, வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஈர உடுப்பை மாத்துங்க. ஓட்டம் நின்னதும் உடம்பு சூடு பண்றதை நிறுத்திடும், ஈரம் நிறுத்தாது. தண்ணியும் குடிக்கணும். குளிர்ல தாகம் தெரியாது, ஆனா மூச்சு வழியா நிறைய ஈரம் போகும்.


வல்லைவெளி
பெப்ரவரி, சனி, காலமை 10:30

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரேல்லை, சொன்னதுகளைச் செய்துகொண்டிருந்தனான். முதல் நடை மட்டும். நோ போனாப்பிறகு ஒரு நிமிச ஓட்டம், ஒன்றரை நிமிச நடை. ஒவ்வொரு வாரத்தையும் ரெண்டு முறை. உறைமழை பெஞ்ச கிழமை, மொன்றியல்வாசித் தம்பி, உங்களை நினைச்சுக்கொண்டு ட்ரெட்மில்லில ஓடினன்.

முகத்துணி போட்டதில இருந்து இருமல் இல்லை. வீட்டுக்குள்ள பத்து நிமிசம் படி ஏறி இறங்கி உடம்பைச் சூடாக்கிப்போட்டு வெளிக்கிட்டா முதல் எரிவும் இல்லை. ஒரு சனிக்கிழமை -11, காத்தில்லை, நல்ல வெயில். மூண்டு நிமிசம் ஓடி மகளோட கதைச்சுக்கொண்டே வந்தன். மூக்குக்கு முன்னால துணியில என்ர மூச்சே வெள்ளையா உறைஞ்சு நிண்டுது, மகள் படம் எடுத்தவள்.

இப்ப நீங்கள் சொன்ன அந்த வாரங்கள் வந்திட்டுது, கெண்டைக்கால். மூச்சு நல்லா வருது, கால் "இன்னும் போ" எண்டு சொல்லுது. நடையை விட்டுட்டு 20 நிமிசம் ஒரேயடியா ஓடிப் பாக்கலாமோ?


கெண்டைக்கால்
சனி, மதியம் 1:15

இப்போது வேண்டாம். இன்னும் 4 வாரம் நடையை விடாதீர்கள். ஓட்ட நிமிடங்களைக் கூட்டுங்கள், நடை இடையில் இருக்கட்டும். கூட்டும்போது தூரம், வேகம், மேடு மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் தொடுங்கள். குதி உயர்த்தும் பயிற்சி ஒற்றைக்காலில் எத்தனை வருகிறது?


வல்லைவெளி
சனி, மத்தியானம் 1:40

வலதில 18, இடதில 13.


கெண்டைக்கால்
சனி, மதியம் 1:52

அப்படியானால் இடதுகாலே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டும் 20க்கு வரட்டும். இடதுகாலில் ஒரு தொகுதி கூடுதலாகச் செய்யுங்கள்.


செம்பருத்தி77
சனி, பின்னேரம் 3:20

அக்கா, நாளைக்கு நானும் ஏஜக்ஸில இருந்து வன்னியூரான் அண்ணையும் அவற்ற மனுசியும் ரொறன்ரோ ஏரிக்கரையில இருக்கிற ஆஷ்பிரிட்ஜஸ் பேக்குப் போறம், 11 மணிக்கு. அங்க ஏரியோரமாப் போற மார்ட்டின் குட்மன் பாதையில மாநகரம் ஸ்னோ தள்ளி வைச்சிருக்கும். அண்ணற்ற மனுசி நடக்கிறவ, நான் ஓடி நடக்கிறனான். உங்கட கணக்குக்கு நல்லாப் பொருந்தும். மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.


வல்லைவெளி
சனி, பின்னேரம் 4:00

வாறன். இவரும் வாறாராம், நடக்கிறதுக்கு. மிற்றனை மறக்காதை எண்டு அவரே இப்ப சொல்லுறார்.


வன்னியூரான்
சனி, இரவு 9:30

நாளைக்கு -6, மேற்குக் காத்து 25 கிமீ. ஏரிக்கரையில அது இன்னும் கூடத் தெரியும். வாகனத்தை விட்டிட்டு முதல் மேற்குப் பக்கமா வெளிக்கிடுவம். சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி பிளாஸ்கில கொண்டுவாறம், சீனி போடாமல்.